ரெண்டு பேட்டரி மாத்தியும் ராத்திரில ஹெட்லைட் மங்குது – பைக் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல சார்ஜிங் பத்தினதை மட்டும் தனியா எடுத்து வச்சேன். எழுதினவங்க எல்லாரும் பழைய வண்டில தூரம் போறவங்க, கிட்டத்தட்ட எல்லாருமே மீட்டர் வச்சு பாக்கறதுக்கு முன்னாடியே பார்ட் மாத்திட்டாங்க, இல்ல மாத்தப்போறாங்க. முதல் கேள்விக்கு பதில் நீளம், கொஞ்சம் பொறுமையா படிங்க, மத்த கேள்விக்கெல்லாம் அதுலயே பாதி பதில் இருக்கு.

கேள்வி (நாமக்கல் வாசகர்): அண்ணா வணக்கம். என்கிட்ட 2012-ல வாங்குன தண்டர்பேர்ட் 350 இருக்கு, 78,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. போன வருஷம் ரெண்டு எல்இடி ஃபாக் லைட் போட்டேன், ஒண்ணு 40 வாட்டு, கூடவே ஹேண்டில்பார்ல மொபைல் சார்ஜர். அதுக்கப்புறம் ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, ஒரு ஆர்ஆர் யூனிட்டும் மாத்தியாச்சு. போன மாசம் கொல்லிமலைல இருந்து ராத்திரி இறங்கும்போது ஹெட்லைட் மங்க ஆரம்பிச்சுது, கீழ வந்து டீ குடிக்க நிறுத்துனா அப்புறம் செல்ஃப் எடுக்கல, ஹாரன் கூட முனகுது. இப்ப மெக்கானிக் காயில் போயிடுச்சு மாத்தணும்ங்கறார். வீட்ல இருக்கற மல்டிமீட்டர்ல பாத்தேன், காலைல வண்டி ஆஃப்ல 12.3 வோல்ட், ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்ணா 13.1, ஹெட்லைட்டும் ஃபாக் லைட்டும் போட்டா 12.4-க்கு இறங்கிடுது. சீட்டுக்கு அடில வயரும் வயரும் சேர்ற ஒரு வெள்ளை கப்ளர் மட்டும் லேசா பழுப்பாயிருக்கு, அழுக்குன்னு நினைக்கிறேன். காயில் வாங்கிடலாமா?

பதில்: வேணாம் தம்பி, இன்னும் வாங்காதீங்க. லெட்டரோட கடைசில போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்களே, பழுப்பான வெள்ளை கப்ளர்னு, என் சந்தேகம் முழுக்க அங்கதான் இருக்கு. அழுக்குன்னா துடைச்சா போயிடும், பழுப்பு போகலைன்னா அந்த பிளாஸ்டிக் சூட்டுல வெந்துருக்குன்னு அர்த்தம். ஆனா சந்தேகத்தை வச்சு நான் கப்ளர்னு சொன்னா அதுவும் உங்க மெக்கானிக் காயில்னு சொன்ன மாதிரிதான், அதனால மீட்டரை வச்சே பாத்துடலாம்.

முதல்ல இந்த சமாச்சாரம் எப்படி வேலை செய்யுதுன்னு மனசுல ஒரு படம் வேணும். வீட்டு போர் மோட்டாரை நினைச்சுக்கோங்க. எஞ்சின் சுத்தும்போது மேக்னெட் சுத்தும், அதுக்குள்ள இருக்கற காயில்ல கரண்ட் உற்பத்தியாகும், அதுதான் மோட்டார். வர்றது ஏசி கரண்ட், அதை டிசியா மாத்தி 14 வோல்ட் சொச்சத்துக்கு மேல போகாம பாத்துக்கறது ஆர்ஆர் யூனிட், ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் ஒரே டப்பாவுல. பேட்டரி மாடில இருக்கற டேங்க். நடுவுல வர்ற வயரும் கப்ளரும்தான் பைப். டேங்க்ல தண்ணி நிக்கலைன்னா நீங்க டேங்கை ரெண்டு தடவை மாத்திட்டீங்க, வால்வை ஒரு தடவை மாத்திட்டீங்க, இப்ப மோட்டாரை மாத்தப்போறீங்க, பைப்பை ஒருத்தரும் பாக்கல.

சோதனையை பேட்டரில இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா பேட்டரி படுத்துருந்தா அதுக்கப்புறம் எடுக்கற எந்த ரீடிங்கையும் நம்ப முடியாது. பேட்டரியை கழட்டி வெளிய நல்ல சார்ஜர்ல ராத்திரி முழுக்க போட்டு, எடுத்து ரெண்டு மூணு மணி நேரம் சும்மா வச்சுட்டு அப்புறம் மீட்டர் வைங்க. 12.6-ல இருந்து 12.8 இருந்தா முழு சார்ஜ். 12.4-ன்னா முக்கால்வாசி, 12.2-ன்னா பாதி, 12-க்கு வந்துட்டா கிட்டத்தட்ட காலி. நீங்க காலைல பாத்த 12.3-ங்கறது பாதிக்கு கொஞ்சம் மேல அவ்வளவுதான், அப்படி அரை வயித்துலயே மாசக்கணக்கா கிடந்தா லெட் ஆசிட் பேட்டரி உள்ளுக்குள்ள சல்ஃபேட் படிஞ்சு நிரந்தரமா தேஞ்சுடும், உங்களோட ரெண்டு பேட்டரியும் அப்படித்தான் போயிருக்கும், பேட்டரி மேல தப்பு இல்ல. வெளிய சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்துலயே நின்னா ஒரு செல் செத்துடுச்சு, அதை மாத்தித்தான் ஆகணும். சார்ஜ் ஏறுன பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிக்கும்போதும் ஒரு ஆளை விட்டு மீட்டரை பாக்கச் சொல்லுங்க, 10 வோல்ட்டுக்கு ரொம்ப கீழ விழுந்தா வோல்ட் இருக்கு, தெம்பு இல்ல.

பேட்டரி நல்லாருக்குன்னு ஆனப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு பேட்டரி டெர்மினல்லயே பாருங்க. ஐடிலிங்ல 13 பக்கத்துல இருந்தா போதும். நாலாயிரம் ஆர்பிஎம் பக்கத்துல, அதாவது நீங்க ரோட்ல நிதானமா ஓட்டுற ரேஸ்ல, 13.8-ல இருந்து 14.5-க்குள்ள வரணும், ஹெட்லைட் போட்டாலும் அது பெருசா இறங்கக்கூடாது. உங்களுக்கு லைட் இல்லாமலே 13.1. ரேஸ் பண்ணா ஏறுதுங்கறதால காயில் மொத்தமா சாகலை, ஏதோ வருது, ஆனா பத்தலை. இது ரெண்டு காரணத்தால வரலாம், ஒண்ணு நான் சொன்ன பைப் அடைப்பு, இன்னொண்ணு காயில்ல இருந்து வர மூணு ஃபேஸ்ல ஒண்ணு வேலை செய்யாம மிச்ச ரெண்டு ஃபேஸ்ல வண்டி ஓடுறது. ரெண்டுக்கும் அறிகுறி அச்சு அசல் ஒண்ணாத்தான் இருக்கும், பகல்ல ஒண்ணும் தெரியாது, ராத்திரி லைட் போட்டா இறங்கும். வெறும் பேட்டரி டெர்மினல் ரீடிங்கை வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது, உங்க மெக்கானிக் தடுமாறுன இடமும் அதுதான்.

பிரிக்கற வழி சொல்றேன். பொதுவா யாரும் பண்றதில்ல, ஆனா என் அனுபவத்துல இதை விட உருப்படியான டெஸ்ட் சார்ஜிங்ல வேற கிடையாது. வண்டி ஓடிட்டு இருக்கணும், லைட் எல்லாம் ஆன்ல இருக்கணும், ரேஸ் மூவாயிரத்துக்கு மேல யாராவது பிடிச்சுக்கணும். மீட்டரோட சிவப்பு முனையை ஆர்ஆர் யூனிட்ல இருந்து வெளிய வர பாசிட்டிவ் வயர்ல வைங்க, கப்ளரோட பின்பக்கமா ஒரு குண்டூசியை நுழைச்சு அதுல தொடலாம், ஊசி வேற எதுலயும் படாம பாத்துக்கோங்க. கருப்பு முனையை பேட்டரியோட பாசிட்டிவ்ல. ரெண்டும் பாசிட்டிவ்தானேன்னு கேக்காதீங்க, நடுவுல இருக்கற வயர்ல எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னுதான் பாக்கறோம். 0.2, 0.3 வரைக்கும் பரவாயில்ல. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா வழில எங்கயோ அடைப்பு இருக்கு. அதே மாதிரி ஆர்ஆர் யூனிட்டோட நெகட்டிவ் வயர்ல இருந்து பேட்டரி நெகட்டிவ்க்கும் பாருங்க, நெகட்டிவ் வயர் தனியா இல்லாம பாடியிலயே எர்த் ஆகுற யூனிட்டா இருந்தா யூனிட்டோட பாடில இருந்து பாருங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நிறைய ஆர்ஆர் யூனிட் வோல்ட்டை அளக்கறது தன்னோட வாசல்ல, பேட்டரி வரைக்கும் போய் பாக்கறதில்ல. வாசல்ல 14.4 வந்துருச்சு போதும்னு அது நிறுத்திக்கும், ஆனா வழில ஒரு வோல்ட் தொலைஞ்சு பேட்டரிக்கு 13.4-தான் போய் சேரும். காயிலும் நல்லது, ஆர்ஆரும் நல்லது, பேட்டரியும் நல்லது, ஆனாலும் சார்ஜ் ஏறாது. தொலைஞ்ச அந்த ஒரு வோல்ட் எங்க போகுதுன்னு கேட்டா சூடா போகுது. கப்ளர் பின்ல 0.1 ஓம் கூடுனாலே போதும், 10 ஆம்பியர் போகும்போது ஒரு வோல்ட் விழும், 10 வாட்டு அந்த சின்ன பின்ல சூடா இறங்கும், சின்ன சால்டரிங் அயர்னை கப்ளருக்குள்ள சொருகி வச்ச மாதிரி. பிளாஸ்டிக் பழுப்பாகுறது இதனாலதான், சூடானா பின் இன்னும் தளரும், தளர்ந்தா இன்னும் சூடாகும், கடைசில உருகி ஒட்டிக்கும்.

இப்ப காயில். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, காயில்ல இருந்து ஆர்ஆர் யூனிட்டுக்கு போற மூணு வயர் கப்ளரை கழட்டுங்க, பெரும்பாலும் மூணும் ஒரே கலர்ல இருக்கும், நிறைய வண்டில மஞ்சள். மீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு ரெண்டு வயரா மூணு ஜோடியும் பாருங்க, ஒரு ஓம்க்கு உள்ள மூணும் ஒண்ணு போல காட்டணும். மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டா வர நம்பரை கழிச்சுக்கோங்க, இல்லன்னா விலை கம்மியான மீட்டர்ல தப்பா தெரியும். அடுத்து ஒவ்வொரு வயரையும் எஞ்சின் பாடிக்கு பாருங்க, எந்த வயருக்கும் எந்த தொடர்பும் காட்டக்கூடாது, காட்டுனா காயிலோட வார்னிஷ் வெந்து பாடில இடிக்குது, அப்ப காயில் நிச்சயம் போச்சு. கடைசியா வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கப்ளர் கழண்டே இருக்கட்டும், மீட்டரை ஏசி 200-ல வச்சு மூணு ஜோடியையும் பாருங்க. ஐடிலிங்ல கம்மியா இருக்கும், ரேஸ் ஏற ஏற ஏறும், நாலாயிரம் அஞ்சாயிரத்துல 50 வோல்ட்டுக்கு மேல பொதுவா வரும். சரியான நம்பர் வண்டிக்கு வண்டி மாறும், ஆனா மூணு ஜோடியும் ஒண்ணு போல ஏறணும்ங்கறது எல்லா வண்டிக்கும் பொது. ரெண்டு ஜோடி தொங்கிட்டு ஒண்ணு மட்டும் நல்லா வந்தா ஒரு ஃபேஸ் போயிருக்கு. ஏசி 50, 60 வோல்ட்டுன்னா கைல பட்டா சுரீர்னு பிடிக்கும், மீட்டர் முனையோட இரும்புல விரல் படாம பிடிங்க, ஈரத்துல நின்னு இதை பண்ணவே பண்ணாதீங்க. ஓம்ஸ் ரீடிங் சரியா வந்துச்சேன்னு இந்த ஏசி டெஸ்டை விட்டுடக்கூடாது, காயில்ல நாலு சுத்து உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆயிருந்தா அரை ஓம்ல தெரியற வித்தியாசத்தை நம்ம வீட்டு மீட்டர் பிடிக்காது, ஓடும்போது வோல்ட்டேஜ் காட்டிக்குடுத்துடும்.

இன்னொண்ணு, காயில் குளிர்ச்சில நல்லா இருந்து சூட்டுல மக்கர் பண்ணும். அதனால ஒரு முக்கால் மணி நேரம் ஓட்டிட்டு வந்து சூட்டோட சூடா இதே டெஸ்டை இன்னொரு தடவை பண்ணுங்க.

ஆர்ஆர் யூனிட்டை டயோட் மோடுல பாக்கலாம், வண்டி ஆஃப்ல, கப்ளர் எல்லாம் கழட்டிட்டு, ஒவ்வொரு காயில் பின்னுக்கும் பாசிட்டிவ்க்கும் நடுவுல, அப்புறம் நெகட்டிவ்க்கும் நடுவுல, ஒரு பக்கம் 0.4, 0.6 மாதிரி காட்டி முனையை மாத்துனா ஓ.எல்., அதாவது கரண்ட் போக வழி இல்லைன்னு காட்டணும். ரெண்டு பக்கமும் ஜீரோ காட்டுனா உள்ள டயோட் ஷார்ட். ஆனா டயோட் சரியா இருக்கறதால ரெகுலேட்டர் பகுதியும் சரின்னு அர்த்தம் இல்ல, அதை ஓடும்போது வர வோல்ட்தான் சொல்லும்.

உங்க விஷயத்துல கப்ளர்தான்னு தெரிஞ்சா, சாண்ட் பேப்பர் போட்டு தேய்ச்சு திரும்ப மாட்டாதீங்க, ஒரு மாசம் கூட தாங்காது. கருகுன பகுதி வரைக்கும் வயரை வெட்டிட்டு பளபளன்னு செம்பு தெரியற இடத்துல இருந்து புது டெர்மினல் போட்டு, அதே இல்ல அதை விட தடிச்ச கப்ளரா போடுங்க, டெர்மினலை கட்டிங் பிளையர்ல நசுக்காம கிரிம்பிங் பிளையர்ல பிடிங்க. மூணு காயில் வயரையும் நேரா சால்டர் பண்ணி ஸ்லீவ் போட்டு மூடுறவங்களும் இருக்காங்க, அதுவும் நல்ல முறைதான், ஆனா வயர் ஆடாம கட்டி வைக்கணும், சால்டர் பண்ண இடம் அதிர்வுல ஒடியும்.

அப்புறம் அந்த ஃபாக் லைட். 80 வாட்டுன்னா கிட்டத்தட்ட 6 ஆம்பியர், ஹெட்லைட் 55 வாட்டு 4 ஆம்பியர், டெயில் லைட், பிரேக் லைட், இக்னிஷன், மீட்டர், மொபைல் எல்லாம் சேந்து இன்னொரு 4. ஆக 14 ஆம்பியர் போகுது. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி, இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடி மெதுவா, எஞ்சின் கம்மி ரேஸ்லயே ஓடுது, காயில் உற்பத்தி ரொம்ப கம்மியா இருக்கற நேரம் அது, பிரேக் லைட்டும் விடாம எரியுது, ஃபாக் லைட்டும் எரியுது. 5 ஆம்பியர் பத்தாக்குறைன்னு வச்சுக்கோங்க, 14 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதுவும் பாதி சார்ஜ்ல கிளம்புனது, ஒரு மணி நேரத்துல செல்ஃப் அடிக்கற தெம்பு போயிடும். அதனால கப்ளரை சரி பண்ணாலும் ஃபாக் லைட்டை ரிலே வச்சு, தனி ஃப்யூஸ் வச்சு, இக்னிஷன் ஆன்ல மட்டும் எரியற மாதிரி போடுங்க, மூடுபனி இல்லாத இடத்துல அணைங்க, முடிஞ்சா 20 வாட்டு ஜோடியா மாத்துங்க, மலைப்பாதைக்கு அது தாராளம். ஃபாக் லைட் எர்த்தை எங்க பிடிச்சுருக்காங்கன்னும் பாருங்க, பெயிண்ட் மேலயே போல்ட் போட்டு எர்த் குடுத்துருந்தா அங்கயும் வோல்ட் தொலையும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. வண்டி ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினலை கழட்டி, வண்டி நிக்கலைன்னா சார்ஜிங் நல்லாருக்குன்னு சொல்ற பழக்கம் இன்னும் பல ஒர்க்ஷாப்ல இருக்கு. தயவுசெஞ்சு விடாதீங்க. பேட்டரிதான் வோல்ட்டேஜை நிதானமா பிடிச்சு வைக்குது, அதை ஓடும்போது எடுத்தா வோல்ட் சட்டுனு எகிறி ஆர்ஆர் யூனிட்டையோ இக்னிஷன் யூனிட்டையோ பல்பையோ சேத்து காவு வாங்கிடும். இக்னிஷன்ல பாயிண்ட் வச்ச காலத்து வண்டில யாரோ பண்ண வித்தை, உங்க வண்டிக்கு ஆகாது.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா வாசகர்): வணக்கம் அண்ணை. என்னட்ட 1986 ஹோண்டா கோல்ட் விங் 1200 ஒண்டு நிக்குது, கோடையில மட்டும்தான் ஓடுறனான். இந்த முறை வெளியில எடுத்தா ஓடேக்க வோல்ட் 12.2-க்கு மேல ஏறுறேல்லை. கராஜ்காரர் எஞ்சினை இறக்கித்தான் ஸ்டேட்டர் மாத்தவேணும் எண்டு பெரிய காசு சொல்லீனம். இறக்காமல் ஸ்டேட்டர் பழுதாப் போயிட்டுதோ இல்லையோ எண்டு அறிய வழி இருக்கோ?

பதில்: தாராளமா இருக்கு தம்பி. அந்த வண்டியோட ஸ்டேட்டர், அதாவது மேல நான் காயில்னு சொன்னது, எஞ்சினோட பின்பக்கத்துக்குள்ள உக்காந்துருக்கு, மாத்தணும்னா எஞ்சினை இறக்கித்தான் ஆகணும்ங்கறது உண்மை, அதுல அவங்க பொய் சொல்லல. ஆனா டெஸ்ட் பண்ண எதையும் இறக்க வேணாம், அதோட மூணு மஞ்சள் வயரும் வெளிய வந்து ஒரு கப்ளர்ல சேருது, மேல நாமக்கல் தம்பிக்கு சொன்ன மூணு காயில் டெஸ்டும் அங்கயே பண்ணிடலாம். முதல்ல அந்த கப்ளரை கண்ணால பாருங்க. 1984-ல இருந்து 1987 வரைக்கும் வந்த இந்த 1200-ல அந்த மூணு வயர் கப்ளர் சூடாகி கருகுறது உலகம் பூரா அந்த வண்டி வச்சுருக்கறவங்களுக்கு நல்லா தெரிஞ்ச விஷயம், நிறைய பேர் கருகறதுக்கு முன்னாடியே கப்ளரை வெட்டி எறிஞ்சுட்டு மூணு வயரையும் நேரா சால்டர் பண்ணிடறாங்க. மஞ்சள் மூணும் ஒரே மாதிரி இருக்கே எதை எதோட சேக்கறதுன்னு பயப்படாதீங்க, மூணு ஃபேஸும் சமம், மாறுனாலும் ஒண்ணும் ஆகாது.

கப்ளரை சரி பண்ணி, ஏசி வோல்ட் மூணு ஜோடியும் சமமா ஏறுது, எதுவும் பாடில இடிக்கல, சூட்டுலயும் அதே ரீடிங் வருதுன்னா எஞ்சினை இறக்கவே விடாதீங்க, அடுத்து ஆர்ஆரை பாருங்க. ஏதாவது ஒரு வயர் பாடிக்கு தொடர்பு காட்டுனாலோ, ஏசி வோல்ட் மூணு ஜோடியும் சமமா ஏறலைன்னாலோ மட்டும்தான் அந்த பெரிய செலவு. அப்பவும் ஒரு மாற்று வழி உண்டு, எஞ்சினுக்கு முன்னாடி கார்ல வர மாதிரி ஒரு சின்ன ஆல்டர்னேட்டரை பெல்ட்ல ஓட விட்டு, உள்ள இருக்கற ஸ்டேட்டரை கழட்டாம அப்படியே விட்டுடறாங்க. 1988-ல ஆறு சிலிண்டரோட 1500 வந்தப்ப கம்பெனியே ஸ்டேட்டரை விட்டுட்டு தனி ஆல்டர்னேட்டருக்கு மாறிடுச்சு. எஞ்சினை இறக்கற கூலியை விட எது கம்மியா வருதுன்னு அங்க விசாரிச்சு முடிவு பண்ணுங்க.

உங்க ஊர் குளிர்ல ஆறு மாசம் வண்டி நிக்குமே, பேட்டரியை கழட்டி வீட்டுக்குள்ள மெயின்டெய்னர் சார்ஜர்ல போட்டு வச்சீங்களா? வைக்கலைன்னா மேல சொன்னதெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேட்டரிதான். படுத்த பேட்டரி காயில் தர எல்லா கரண்ட்டையும் குடிச்சுட்டு வோல்ட்டை 12 பக்கத்துலயே இழுத்து வச்சுருக்கும், நல்ல ஸ்டேட்டர் கெட்ட மாதிரி தெரியும். நிறுத்தி வச்ச நாலே நாள்ல பேட்டரி இறங்குதுன்னா சாவி ஆஃப்லயும் கசியற திருட்டு கரண்ட்டும் பாக்கணும். சாவி ஆஃப், நெகட்டிவ் வயரை கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டைல சொருகி பேட்டரி நெகட்டிவ்க்கும் அந்த வயருக்கும் நடுவுல வைங்க. கடிகாரம், ரேடியோ மெமரின்னு சில மில்லி ஆம்பியர் போகலாம். 50 மில்லி ஆம்பியர் போனா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், கணக்கு போட்டுக்கோங்க. மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃபை தொட்டுடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும்.

கேள்வி (மதுரை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): 1994 புல்லட் வைத்திருக்கிறேன். ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்ப் மீட்டர் முள் டிராஃபிக்கில் நிற்கும்போது மைனஸ் பக்கம் போகிறது, ஓடும்போது நடுவில் வந்து நிற்கிறது. இந்த வண்டியில் ராமேஸ்வரம் போய் வரலாமா?

பதில்: தாராளமா போய்ட்டு வாங்க சார், முள் சரியாத்தான் நடக்குது. நிக்கும்போது காயில் குடுக்கறதை விட வண்டி செலவு பண்றது அதிகம், மிச்சத்தை பேட்டரி குடுக்குது, அதான் மைனஸ். கிளம்புனதும் கொஞ்ச நேரம் பிளஸ்ல போய் நிதானமா நடுவுக்கு வந்துட்டா பேட்டரி நிறைஞ்சுடுச்சு. நல்ல வேகத்துல போகும்போதும் மைனஸ்லயே இருந்தா சார்ஜ் ஆகல, மணிக்கணக்கா ஓட்டியும் பிளஸ்ல அழுத்தி நின்னா பேட்டரி ஒரு செல் போயிருக்கணும் இல்ல ரெகுலேஷன் போயிருக்கணும். ஒண்ணு மட்டும் பண்ணுங்க சார், பேட்டரிக்கு போற வர கரண்ட் அந்த சின்ன மீட்டர் வழியாத்தான் போகுது, அதோட பின்னாடி ரெண்டு ஸ்டட்டு, அதுல நட்டு. முப்பது வருஷ அதிர்வுல அந்த நட்டு தளர்ந்துருக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி பேட்டரி வயரை கழட்டிட்டு ஹெட்லைட்டை எடுத்து உள்ள கை விட்டு அதை ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்க. மண்டபத்துல இருந்து பாம்பன் பக்கம் உப்புக்காத்து சார், திரும்பி வந்ததும் எர்த் பாயிண்ட் எல்லாத்தையும் கழட்டி துடைச்சு கொஞ்சம் வேஸ்லின் தடவி மாட்டிடுங்க.

கேள்வி (திருச்சி வாசகி): அண்ணா, என்னோட பழைய 220 சிசி க்ரூஸர்ல ஒரே மாசத்துல மூணு ஹெட்லைட் பல்பு போயிடுச்சு, பேட்டரி பக்கத்துல ஒரு மாதிரி அழுகுன முட்டை நாத்தம் வருது, சைடு பேனல்ல வெள்ளையா பூத்துருக்கு. அடுத்த வாரம் ஊட்டி போறோம், வந்து பாத்துக்கலாமா?

பதில்: வேணாம்மா, பாத்துட்டு போங்க. மத்தவங்களுக்கு சார்ஜ் ஏறலை, உங்களுக்கு ஏறுறது நிக்கவே இல்ல. மூவாயிரம் நாலாயிரம் ஆர்பிஎம்ல பேட்டரில மீட்டர் வைங்க, 15-க்கு மேல காட்டும்னு நினைக்கிறேன். அளவுக்கு மேல சார்ஜ் ஏறி பேட்டரில இருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிய வருது, அந்த நாத்தம் அதுதான், கூடவே ஹைட்ரஜனும் வரும், தீப்பொறி பட்டா வெடிக்கும், அதனால அந்த பேட்டரி கிட்ட யாரையும் சிகரெட்டோட நிக்க விடாதீங்க, பேட்டரி ஆசிட் கண்ணுல படாம பாத்துக்கோங்க. பெரும்பாலும் ஆர்ஆர் யூனிட்ல ரெகுலேட்டர் போயிருக்கும், ஆனா புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அதோட எர்த்தை பாருங்க, வோல்ட்டை அளக்கறதுக்கு தனி வயர் இருக்கற யூனிட்டா இருந்தா அந்த வயரையும் பாருங்க. அந்த ரெண்டுல ஏதாவது தளர்ந்துருந்தா யூனிட் நிஜத்தை விட கம்மியா வோல்ட் பாத்துட்டு இன்னும் இன்னும்னு ஏத்தும்.

பேட்டரில தண்ணி பாக்கற வகைன்னா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க, ஆசிட் ஊத்தாதீங்க. வெள்ளையா பூத்ததை சோடா மாவு கரைச்ச தண்ணில கழுவுனா போகும், கிளவுஸ் போட்டுக்கோங்க.

புது யூனிட் போடும்போது அது எங்க உக்காந்துருக்குன்னு பாருங்க. பழைய வண்டில வர ஆர்ஆர் எல்லாம் பெரும்பாலும் ஷன்ட் வகை, பேட்டரிக்கு தேவையில்லாத கரண்ட்டை அது காயிலை ஷார்ட் பண்ணி அடக்குது, அதனால லைட்டை அணைச்சாலும் காயிலுக்கும் ஆர்ஆருக்கும் ஓய்வு கிடையாது, ஹைவேல மணிக்கணக்கா ஓடும்போது ரெண்டும் கொதிச்சுட்டே இருக்கும். அந்த டப்பால இருக்கற ரிப்பு ரிப்பான அலுமினியம் காத்து பட்டாத்தான் ஆறும். ஊட்டிக்குன்னு சைடு பேக் மாட்டி அதுக்கு மேல மழை கவர் போட்டு அதை மூடிடாதீங்க, டூரிங் போற வண்டில ஆர்ஆர் சீக்கிரம் சாகறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வழில மறுபடி இதே மாதிரி வோல்ட் எகிறுச்சுன்னு வைங்க, ஹெட்லைட் ஹை பீம், ஃபாக் லைட், இருக்கற எல்லாத்தையும் போட்டுட்டு ரேஸ் கம்மியா ஓட்டிட்டு பக்கத்து ஊர் வரைக்கும் போங்க, லோடு கூடுனா வோல்ட் கொஞ்சம் இறங்கும். நாமக்கல் தம்பி மாதிரி சார்ஜ் ஏறாத வண்டின்னா நேர் எதிர், மொபைல் சார்ஜர், ஃபாக் லைட் எல்லாத்தையும் அணைச்சு லோ பீம்ல, ஒரு கியர் குறைச்சு ரேஸை மூவாயிரத்துக்கு மேல வச்சு ஓட்டணும், டீக்கடைல நிறுத்துனாலும் எஞ்சினை அணைக்கக்கூடாது.